வராத பதிலுக்குப் பெயர் "இல்லை"

வாசலில் நின்றவர்கள் மூன்று பேர். காவலாளி யோசப் அண்ணை, கிரேன் ஓட்டும் செல்வராசா அண்ணை, நான். நிற்காதவர் ஒருவர்: உள்ளே விடலாமா என்று முடிவு சொல்பவர். அவர் எப்போதுமே நிற்பதில்லை. கொழும்பில் ஒரு கொம்பியூட்டராக இருக்கிறார்.

போன திங்கள் காலை, துறைமுகத்தடியில் நான் வேலை செய்யும் சரக்குக் கம்பனியில் நடந்தது இது.

எங்கள் வாசல் கொம்பியூட்டருக்கு விதி எதுவும் தெரியாது. யார் வரலாம், எந்த நேரம் வரலாம் என்ற விதிகளெல்லாம் கொழும்பு இயந்திரத்தில். இங்கிருந்து கேட்க வேண்டும், அங்கிருந்து பதில் வரும். கேட்பதற்கென்று தலைமை அலுவலகம் ஒரு சின்ன லைப்ரரி, அதாவது ஒரு துண்டு புரோகிராம், அனுப்பியிருந்தது. நாலைந்து ஃபைல்தான். எங்கள் கிழட்டு மெசின் பாரமானதைத் தாங்காது. நான்தான் பொருத்தினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். கொம்பியூட்டர் பொய் சொல்லாது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்!

செல்வராசா அண்ணையின் பாஸ் நம்பரை யோசப் அண்ணை அடித்தார். திரை சிவந்தது. "அனுமதி இல்லை."

"ஏழு வருசமா இந்த வாசலால போறனான். உந்த மெசினுக்கு என்ர முகம் தெரியாதோ?"

"அதுக்கு முகமே இல்லை அண்ணை. அதாலதான் அதுக்கு வேலை நிரந்தரம்" என்றார் யோசப் அண்ணை.

சிரித்தோம். அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த பொலிஸ்காரர்கள் திரையைப் பார்த்தார்கள். கம்பனியே வேண்டாம் என்கிற ஆள்... கையில் அடையாள அட்டையும் இல்லை. இடம்பெயர்ந்தபோது தொலைந்தது. கிராம சேவகரின் கடிதம்தான் இருந்தது. இந்தக் கெடுபிடிக் காலத்தில் அது போதுமா? ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்னேரம் அவருடைய மனைவி கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வந்து நின்றார். "தம்பி, நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போயினமாம். அங்க போனவையள் ஆர் திரும்பி வந்தவை?"

நான் கொழும்பு எஞ்சினியருக்குப் போன் எடுத்தேன். அவர் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட பக்கம் மறுக்கேல்லையே. அடையாள அட்டை நம்பர் வேணுமெண்டு போன கிழமை புது விதி போட்டனாங்கள். இவருக்கு அந்த இடம் வெறுமை. விதியால முடிவெடுக்க ஏலாது. அதால வெறும் பதில்தான் அனுப்பினது."

"அப்ப இல்லை எண்டு சொன்னது ஆர்?"

"உங்கட வாசல்ல இருக்கிற லைப்ரரி. ஓம் எண்டு வராததெல்லாம் அதுக்கு இல்லைதான்."

வாசல் திறக்காதது சரி. தெரியாத ஆளுக்குக் கதவு மூடித்தான் இருக்க வேண்டும். ஆனால் தெரியாது என்பதும் கூடாது என்பதும் ஒன்றா? சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த லைப்ரரி விட்டுவிட்டது "தெரியாது" என்ற ஒரு சொல்லைத்தான். அந்த ஒரு சொல்லில் ஒரு மனிசன் நின்றுகொண்டிருந்தார்.

வெறும் பதிலை அப்படியே பிரிண்ட் எடுத்து, சட்டத்தரணியோடு பொலிசுக்குப் போனோம். அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒண்டும் இல்லையே?"

"ஓம் சேர். ஒண்டும் இல்லை எண்டதுதான் பதில்."

"இஞ்ச அப்பிடி ஒரு பதில் இல்லை தம்பி. ஒண்டில் ஆள் சரி, இல்லாட்டிப் பிழை."

எங்கள் ஊரில் எல்லோருமே அந்தச் சின்ன லைப்ரரியைத்தான் பொருத்தி வைத்திருக்கிறார்கள் போல!

அன்று விடவில்லை. கொழும்புக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தினார்கள். கம்பனி கடிதம் கொடுத்து, சட்டத்தரணி மறுபடி போய், வியாழன் மத்தியானம்தான் வெளியே விட்டார்கள். செல்வராசா அண்ணையின் கன்னம் வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

வெறும் பதில் வந்தால் இப்போது திரையில் "பதில் வரவில்லை, விசாரிக்கவும்" என்று வரும். நான் மாற்றியது ஒரே வரி. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சட்டத்தரணி, ஓட்டோ, வெட்டிய சம்பளம் எல்லாம் சேர்த்து அந்த வீட்டுக்குச் செலவானது பதினாறாயிரத்து நானூற்றைம்பது ரூபா.