டொக் டொக்கா, க்ரீச் க்ரீச்சா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். அந்தக் காதை நம்பவும் முடியாது. ஏதோ சத்தம் கேட்டு, 'ஹார்ட் டிஸ்க் போச்சோ' என்று கலங்கியவர்களே, உங்களுக்கு அது ஒருநாள் கலக்கம். ஒத்தக்கடையில் கடை வைத்திருக்கும் எனக்கு அன்றாடம்.

ஒரு பெட்டி, இரண்டு சத்தம்

கல்லூரி வாத்தியார் ஒருவர் போன் செய்தார். "சிபியூ டொக்கு டொக்குன்னு தட்டுது தம்பி. மக ப்ராஜெக்ட் பூராம் அதுலதான் இருக்கு." தட்டினால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். "உடனே ஆஃப் பண்ணுங்க சார்" என்பதற்குள் அவர் மனைவி போனைப் பிடுங்கிவிட்டார். "அவுகளுக்குக் காது மந்தம் தம்பி. க்ரீச்சு க்ரீச்சுன்னுதான் கத்துது." க்ரீச் என்றால் ஃபேன்; பயமில்லை. இருவரும் மாறி மாறிச் சத்தம் செய்து காட்ட, எனக்குத் தலை சுற்றியது.

நேரில் போய்த் திறந்தேன். ஃபேன் க்ரீச்சென்றது. அதை நிறுத்தினால், அடியில் டிஸ்க் டொக்கென்றது! ப்ராஜெக்டை முதலில் காப்பாற்றி எடுத்துவிட்டு, "ரெண்டு பேரு சொன்னதும் சரிதான்" என்றேன். அன்றைக்கு முதன்முறையாக இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "அதெப்படித் தம்பி, ரெண்டு பேரும் சரியா இருக்க முடியும்?"

சத்தம் வரவில்லை என்று ஒரு புகார்

பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் ஒருவருக்கு, முனகிக்கொண்டிருந்த பழைய டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத புது வகை டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன். "மாப்ள, ஓடியா! மெஷினு செத்துப்போச்சு."

ஓடினேன். பில் போட்டுப் பார்த்தால் கண்ணிமைப்பதற்குள் வருகிறது. "நல்லாத்தானண்ணே இருக்கு?" அவர் சிபியூவில் காதை ஒட்டவைத்து, உதட்டைப் பிதுக்கினார். இதில் சுத்துவதற்கு ஒன்றுமில்லை, சத்தம் வராது என்று எம்புட்டோ சொன்னேன். "ஏன் மாப்ள, மூட்டை தூக்குறவன்கூட முக்கித்தான் தூக்குறான். இது முக்காம என்னத்தத் தூக்கும்?"

அங்கே அழும், இங்கே அமைதி

அழகர்கோவில் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் செல்வம், வெளுத்த முகத்தோடு வந்தான். கையில் தனி ஹார்ட் டிஸ்க். ஒரு கல்யாணத்தின் மொத்தப் படமும் அதில்தான். வேறு பிரதி கிடையாது. "டிக்கு டிக்குங்குதுண்ணே, தொறக்கவே மாட்டேங்குது. பொண்ணு வீட்டுல என்னைக் கொன்னுருவாங்க." மாட்டினேன். சத்தமே இல்லை; படமெல்லாம் திறந்தது. சந்தோஷமாகப் போனவன் ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டான்: மறுபடி டிக் டிக். திரும்பிக் கொண்டுவந்தான். மறுபடி அமைதி. அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நான் என் காதைச் சந்தேகப்பட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவிட்டு, அவனோடு ஸ்டூடியோவுக்கே போனேன். அவன் மாட்டினான்: டிக் டிக். என் கேபிளை எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினேன்: அமைதி. விஷயம் அவன் கேபிளில். நீளமான மலிவு கேபிள். அதுவும் மவுஸ், குட்டி விளக்கு, செல்போன் எல்லாம் தொங்கும் ஒரே இணைப்புப் பெட்டியில் சொருகியிருந்தது. டிஸ்க் சுற்றுவதற்குக் கரண்ட் பத்தாமல், எழுந்து எழுந்து விழுந்திருக்கிறது. விளக்கிச் சொன்னதும் செல்வம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப இதுக்கு நோயில்ல, பசிதானாண்ணே?"

இத்தனை சத்தங்களைக் கேட்டுத் தேர்ந்த பிறகும், வீட்டு மிக்ஸி கொஞ்சம் குரல் மாறிக் கர்ரென்றால் என்னவென்று கேட்கும் மனைவியிடம், "மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றுதான் சொல்கிறேன்.