முதுகைப் பார்த்த சாட்சி

தோணிரேவுக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டி இருபது வீடுகள் இருக்கின்றன. அங்கே இருந்த எல்லம்மா போன மாதம் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். நாற்பத்திரண்டு வயது. அவளைப் பற்றி எழுதக் கூச்சப்பட வேண்டிய ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். என் பெயர் ஜலீல். பழவேற்காட்டில் முப்பது வருஷமாக இறால் வாங்கி விற்கிறேன். அவள் பிடித்ததில் பாதிக்கு மேல் என் தராசில்தான் ஏறியிருக்கிறது.

எல்லம்மாவின் ஆட்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. கைதான். உட்கார்ந்தால் கழுத்துக்கு வரும் தண்ணீரில் மண்டி போட்டு, சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஆறு மணி நேரம் வாயில் பறி என்றால் ஆறு மணி நேரம் பேச்சில்லை. அத்தனைக்கும் சேர்த்துவைத்து எல்லம்மா கரையில் பேசுவாள். அவள் வாயில் விழுந்து எழாத ஆம்பிளை அந்தக் கரையில் கிடையாது.

நான் எதையும் பார்க்காமல் வாங்க மாட்டேன். பறியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். அவளுக்கு அது பிடிக்காது.

"சேத்துக்குள்ள நான் கண்ணால பாத்தா புடிச்சேன்? எறா ஒரு மாரி நழுவும், நண்டு ஒரு மாரி. கைக்குத் தெரியும் பாய்."

"பாக்காம நம்புனா ஏமாந்துதான் போவணும்."

"அஞ்சு வேளையும் குனிஞ்சி எழுந்துக்கறியே, அவர பாத்துட்டா நம்பற?"

"அது வேற, எறா வேற."

"இன்னா வேற? எங்க கன்னியம்மாவ நான் பாத்ததில்ல, உங்க அல்லாவ நீ பாத்ததில்ல. எறாவுக்கு மட்டும் பறிய கவுக்கற."

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காணாததை நம்புவதுதான் எங்கள் மார்க்கத்தின் முதல் படி. அதை எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வியாபாரத்தில் எனக்கு வேறு பெயர். ஜலீல் பாய் பார்க்காததைச் சொல்ல மாட்டார் என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் மண்ணாய்ப் போக.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம், அவள் புருஷன் வேலு பச்சைமுத்துவின் சின்னப் படகை இரவல் வாங்கிக்கொண்டு நண்டு பிடிக்க வடக்கே போனான். மத்தியானம் வாடைக்காற்று எழுந்தது. சாயங்காலம் அவன் வரவில்லை. மறுநாள் காலையில் படகு மட்டும் மேற்குக் கரையில், பஸ் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில் தரைதட்டி நின்றது. உள்ளே ஆளும் இல்லை, படகு தள்ளுகிற கோலும் இல்லை. போனைக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

ஊர்ப் படகுகள் எல்லாம் தேடப் போயின. முதல் இரண்டு நாள் முகத்துவாரத்துப் பக்கம், மூன்றாம் நாள் மேற்குக் கரை நெடுக. நாலாம் நாள் வடக்கே இருக்கும் மணல்திட்டுகளைப் பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த மூன்றாம் நாள் நான் வியாபார விஷயமாகச் சூலூர்பேட்டை போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் நெல்லூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட லுங்கி, தலையில் சிவப்புத் துண்டு, வேலுவுக்கு இருக்கிற அதே கூன். "வேலு" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது.

நான் பார்த்தது ஒரு முதுகு. ஊருக்கு வந்து சொன்னது வேறு: "வேலுவைப் பார்த்தேன். கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான்."

எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. ஆந்திரா பக்கம் இறால் பண்ணையில் வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொல்ல, இவள் போகக் கூடாது என்று சொல்ல, முந்தின வாரம்தான் பெரிய சண்டை நடந்திருந்தது. படகும் ரோட்டோரம் நின்றது. பாயே கண்ணால் பார்த்துவிட்டார், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்றார்கள். நாலாம் நாள் ஒரு படகும் போகவில்லை.

எல்லம்மா ஒருத்திதான் நம்பவில்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"மூஞ்சியப் பாத்தியா பாய்?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் என்னைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். சொன்ன வார்த்தையை அவர்கள் முன்னால் எப்படி விழுங்குவது?

"என் கண்ணு பொய் சொல்லுமா எல்லம்மா?" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "சண்ட போட்டா ரெண்டு நாள் சோறு துன்ன மாட்டான். அவ்ளோதான் அவன் கோவம். என்னையும் பொண்ணு கலைவாணியையும் உட்டுட்டு போற ஆளு இல்ல. அவன் தண்ணிக்குள்ளதான் கெடக்கறான்" என்றாள்.

சாட்சி கேட்டால் அவளிடம் ஒன்றுமில்லை. அவனோடு வாழ்ந்த பதினாலு வருஷம் மட்டும்தான் இருந்தது. அதை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? அவள் பொட்டை அழித்துக்கொண்டபோது மாமியார் செல்வம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். உயிரோடு இருக்கிற என் பிள்ளையைச் சாகடிக்கிறாளே என்று அழுதாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்பதைவிட செத்துப்போனவன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்வது மரியாதையாக இருக்கிறது போல என்று ஒருத்தி பேசினாள். அது எல்லம்மா காதிலேயே விழுந்தது.

அவள் தேடினாள். படகு கிடையாது, ஆகவே தனக்குத் தெரிந்த விதத்தில் தேடினாள். தினமும் பறியைக் கடித்துக்கொண்டு, இறால் பிடிக்கிற சாக்கில், ஏரியின் அடிச்சேற்றைத் துழாவினாள். இறாலே இல்லாத இடத்தில்கூடப் போய்த் துழாவினாள். அவளைச் சேர்ந்த பெண்கள் சிலரும் இரக்கப்பட்டுக் கூடப் போனார்கள். சேற்றுக்குள் இருப்பதைக் கை கண்டுபிடிக்கும் என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து அறிந்த விஷயம். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. அவள் கை வெந்து தோல் உரிந்திருந்தது. நான் அவள் பறியைக் கவிழ்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவளும் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

பங்குனியில் ஏரி வற்றியது, அவள் துழாவிக்கொண்டே வடக்கே திட்டுகள் வரைக்கும் போய்வந்தாள். ஒருநாள் காலையில் வந்து, "வா பாய், ஒண்ணு பாக்கணும்" என்றாள்.

"இன்னா?"

"நீதான கண்ணால பாக்கற ஆளு. உன் பேச்சத்தான நம்பறாங்க. வா."

பச்சைமுத்துவின் அதே படகு. அவளே கோல் போட்டாள். வடக்கே இரண்டு மணி நேரம். சுற்றிலும் சிப்பிப் படுகை உள்ள ஒரு திட்டு. படகின் அடி கிழிந்துவிடும் என்று யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். படகைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தோம்.

திட்டின் நடுவில் ஒரு சீமைக்கருவேலம் புதர். பக்கத்தில் படகின் கோல் நட்டு நின்றது. அதன் உச்சியில் சாயம் போன நீலத் துணி. வேலு புதருக்கு அடியில் கிடந்தான். வேலு என்று சொல்கிறேன், எலும்புதான். இடுப்புக் கயிற்றில் கோத்த தாயத்து இருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு குச்சிகளை வைத்து, சிவப்புத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. தண்ணீர் இறைக்கிற தகர டப்பாவை மழை பிடிக்க வாய் மேலாக நிறுத்தி, சுற்றிலும் மண் அணைத்திருந்தான். அந்தக் கார்த்திகையில் மழைக்குக் குறைவே இல்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் நண்டு ஓடு, ஒரு குவியல். பச்சையாகவே உடைத்துத் தின்றிருக்கிறான்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லம்மா அந்தக் குவியலின் பக்கத்தில் குந்தி, ஓடுகளை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு நாலு புடிச்சாலும் பத்து நாளு ஆயிருக்கும் பாய். கூடவும் இருக்கும்" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

அவள் காலில் விழலாம் என்று தோன்றியது. "நான் மூஞ்சியப் பாக்கல எல்லம்மா. முதுகுதான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

கையிலிருந்த ஓட்டைக் குவியலில் போட்டுவிட்டுச் சொன்னாள். "உசுரோட ஓடிட்டான்னு நீ சொன்ன. தண்ணிக்குள்ள செத்துட்டான்னு நான் சொன்னேன். உசுரோட இங்க குந்தினு இருக்கான்னு ரெண்டு பேருக்கும் தோணல. நான் சேத்துக்குள்ள கைய உட்டு துழாவறேன், அவன் இங்க துணிய கட்டிட்டு பாத்துனு இருந்திருக்கான்."

அப்போதும் அவள் அழவில்லை. எழுந்து, நண்டு ஓடுகளை ஒன்றுவிடாமல் பறியில் அள்ளினாள். தண்ணீரில் இறங்கி, தூரமாகப் போய்க் கொட்டினாள். திரும்பி வந்து டப்பாவை வீசினாள். கோலைப் பிடுங்கித் துணியை அவிழ்த்தாள். கடைசியாகக் காலில் இருந்த கட்டைப் பிரித்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. துணியையும் துண்டையும் ஏரிச் சேற்றுக்குள் அமுக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கலைக்கு பதினோரு வயசு. நைனா பத்து நாள் நம்மள எதிர்பாத்துனு கெடந்தாருன்னு தெரிஞ்சா அது உருப்படாது. உழுந்தவுடனே போயிட்டான், தண்ணி இங்க ஒதுக்கிடுச்சின்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

நான் தலையாட்டினேன்.

"உனக்காக இல்ல பாய்" என்றாள்.

சொன்னேன். நம்பினார்கள். போலீஸ் வந்தது, நான் பார்த்ததாகச் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கியது. ஓடிப்போனவன் என்று பேசிய வாயெல்லாம் பாவம் வேலு என்றது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தது வேறு ஆளாக இருக்கும், மனுஷக் கண்தானே என்று என்னைக்கூட ஒரே பேச்சில் மன்னித்துவிட்டார்கள். எல்லம்மா அதன் பிறகும் ஏழு வருஷத்துக்கு மேல் ஏரியில் இறங்கினாள். பிடித்ததை என்னிடமே போட்டாள். அந்தத் திட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கலைவாணியைப் படிக்கவைத்தாள். பெண் இப்போது பொன்னேரியில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறது.

எல்லம்மாவை அடக்கம் செய்து பதினாறு நாள் கழித்து நான் அவள் வீட்டுக்குப் போனேன். இனிமேல் என்னால் சுமக்க முடியாது. தொழுகையில் நின்றால் எனக்கு எதிரே அந்தக் கோலும் துணியும்தான் நிற்கின்றன. கலைவாணியை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முதுகைச் சொன்னேன், நாலாம் நாள் நின்றுபோன படகுகளைச் சொன்னேன், டப்பாவை, குச்சிக் கட்டை, நண்டு ஓட்டைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்த ஓடு எங்க பாய்?" என்றாள்.

"ஏரியில. உங்கம்மா கொட்டிட்டா."

"டப்பா? காலுல கட்டின துண்டு?"

"எல்லாம் ஏரியிலதான்மா."

"அம்மா எங்கிட்ட எதையும் மறைச்சதில்ல. நைனா அங்க உசுரோட இருந்திருந்தா அம்மா போயிருக்கும். எங்க அம்மாவுக்குத் தெரியாம இந்த ஏரியில ஒண்ணு இருக்குமா?" என்றாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி பார்க்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. "அம்மா போனதுல நீங்க ரொம்ப ஒடஞ்சி போயிட்டீங்க. ராத்திரி தூக்கம் வருதா? நஸ்ரியா அக்காக்கு போன் பண்ணி சொல்றேன், நல்ல டாக்டரா பாத்து கூட்டினு போவட்டும்."

நஸ்ரியா என் மகள். கலைவாணி அங்கேயே, என் எதிரிலேயே போன் செய்தாள். பிறகு ஆட்டோ வரும் வரைக்கும் என் பக்கத்தில் நின்று, ஏறும்போது தோளைப் பிடித்து ஏற்றிவிட்டு, "வெயில்ல அலையாதீங்க பாய்" என்றாள்.