பெயர் சொல்லி அழைத்தவர்

நேர்முகத் தேர்வு ஒன்றுக்காகத் திருச்சியிலிருந்து முதன்முறையாகத் தனியே நாகர்கோவிலுக்குப் போனேன். ரயிலை விட்டு இறங்கியதும், அறை எடுத்திருந்த பெண்கள் விடுதிக்குப் போன் செய்து, இரைச்சலில் என் பெயரையும் விடுதியின் பெயரையும் உரக்கச் சொன்னேன். பாதியில் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

நிலைய வாசலுக்கு வந்ததும் ஒருவர், "சுதாதானே? விடுதில இருந்து கூட்டிட்டு வரச் சொன்னாவ" என்று என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார். ஏறப்போகையில் விடுதியை நடத்தும் அக்கா திரும்ப அழைத்தார்.

"யாரு மக்கா விளிச்சது? ஒண்ணும் கேக்கலியே."

"நான் சுதா. நீங்க அனுப்பின ஆள் வந்துட்டாருக்கா."

"நான் ஒருத்தரையும் அனுப்பலியே! ஏறாத மக்கா, உள்ள போயி நில்லு. நானே வாறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரை நம்புவது? பையைப் பிடுங்கிக்கொண்டு டிக்கெட் கவுண்டர் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது ஆட்டோவைக் காணோம். நான் போனில் கத்தியதை அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்மணி, "சுதாதானே மக்கா?" என்றார். அவரையும் நம்ப முடியவில்லை. விடுதி எண்ணை அழைத்தேன். அவர் கையிலிருந்த போன் ஒலித்த பிறகுதான் அருகே போனேன்.

இப்போதெல்லாம் பொது இடத்தில் தங்குமிடத்தைச் சொல்லிப் பேசுவதில்லை. அழைத்துப்போக யார் வந்தாலும், முதலில் தங்குமிடத்தின் எண்ணுக்கு அடித்துப் பார்க்கிறேன்.