சின்னவளின் நூறு சதவீதம்

வீட்டில் அவள் பெரியவள். கணவனின் தம்பி மனைவி சின்னவள். பதினெட்டு வருடமாகப் பெரியவள் ஒரு பம்புத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எட்டு வருடத்துக்கு முன், தரப் பரிசோதனையில் இடம் காலி என்று சொல்லி, விண்ணப்பத்தைச் சின்னவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவளேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள் என்று அதை நினைப்பாள்.

மற்ற பெண்கள் ஓரகத்தியின் வசதியை வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து ஊகித்துப் பொருமுவார்கள். பெரியவள் அதை மாதாமாதம் திரையில், பைசா சுத்தமாகப் பார்த்தாள். பார்த்ததை வெளியே சொல்லவும் முடியாது. வேலை போய்விடும்.

கம்பெனியில் போனஸை முழுதாகக் கையில் வாங்கலாம். விரும்பினால், இத்தனை சதவீதத்தை ஓய்வுக்கால நிதியில் போடுங்கள் என்று படிவம் கொடுக்கலாம். போட்ட பணத்துக்கு வரி கிடையாது. கம்பெனியும் அதில் பாதியைத் தன் பங்காகச் சேர்க்கும். சின்னவள் வருடா வருடம் நூறு என்று எழுதுவாள், அதுவும் கொட்டை எழுத்தில். பெரியவள் பூஜ்யம். ஒரு வருடம் மகனின் கல்லூரிக் கட்டணம், ஒரு வருடம் ஒழுகும் கூரை, போன வருடம் கணவனின் முழங்கால். சின்னவளின் எட்டு வருடச் சேமிப்பு மூன்று மாதத்துக்கு முன் பெரியவளின் பதினெட்டு வருடத்தைத் தாண்டியது. அன்று மாலை சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமே ஆகல. அதான்."

இந்த வருடப் போனஸ் நாளில், வங்கிக்கு அனுப்பும் முன் பட்டியலைச் சரிபார்த்தபோது, சின்னவளின் பெயருக்கு நேரே நூறுக்குப் பதில் ஆறு சதவீதம் இருந்தது. மென்பொருளின் குணம் அது. 'போனஸுக்குத் தனி விகிதம்' என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால், மாதச் சம்பளத்துக்குப் பிடிக்கும் அதே ஆறைப் போனஸுக்கும் போட்டுவிடும். நாற்பத்து மூன்று பேருக்கு டிக் போட்டவள் இந்த ஒருத்திக்கு மறந்திருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் திருத்தவும் கை போகவில்லை. நாலு மணிக்குப் பட்டியல் போய்விட்டால் பிறகு மாற்ற வழியில்லை. வரி பிடித்து மீதி சின்னவளின் வங்கிக் கணக்குக்குப் போகும். கம்பெனியின் பாதி, போனது போனதுதான்.

போகட்டுமே என்றிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சின்னவளே ஜன்னலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, இந்த வருஷமாச்சும் கொஞ்சம் நிதியில போட்டீங்களா? கையில வாங்கினா காத்துல கரைஞ்சிடும்க்கா."

"எங்க வீட்டுல காத்து கொஞ்சம் ஜாஸ்தி."

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். "என்னோடது முழுசா போயிடும்ல? கையில மட்டும் வந்துடக் கூடாதுக்கா. வந்தா உங்க கொழுந்தனாரு காரை மாத்துறேன்னு குதிப்பாரு. நாலு மாசமா அதே பாட்டு."

மாற்றுவதற்கு ஒரு கார்!

"அம்பத்தஞ்சுல வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்க்கா."

"விடு. யாரு வேணாங்கிறா?"

அவள் போன பிறகு பெரியவள் டிபன் பெட்டியைத் திறக்கவில்லை. சம்பளச் சீட்டு வந்ததும் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சின்னவள் கத்தமாட்டாள். நேரே வீட்டுக்கு வருவாள். எல்லார் முன்னாலும் தோளில் கை போட்டு, 'பரவாயில்ல விடுங்கக்கா, நீங்க வேணும்னேவா செய்வீங்க?' என்பாள். கொழுந்தன் தலையாட்டுவான். மாமியார், 'பாரு, அதுக்கு எவ்வளவு பெரிய மனசு' என்பார். அந்தப் பெரிய மனசைச் சாகும்வரை சுமக்க வேண்டும். அதற்குச் சின்னவளின் நிதியில் இன்னும் ஒரு லட்சம் கூடட்டும், தேவலாம்.

மூன்றரைக்குக் கணக்கு மேலாளரின் அறைக்குப் போனாள். பூட்டிய பட்டியலை அவர்தான் திறக்க முடியும்.

"ஒரு ஆளுக்கு டிக் விட்டுப்போச்சு சார்."

"உங்களுக்கா? பதினெட்டு வருஷத்துல இப்பதான் கேக்கறேன்." அவர் கடவுச்சொல்லைத் தட்டினார். காரணம் எழுதாமல் மென்பொருள் விடாது. 'என் கவனக்குறைவு' என்று பெரியவளே தட்டினாள். தலைப்பு போல அது அவள் பெயருக்கு மேலே நின்றது.

வாய் தானாகக் கேட்டது: "திறந்ததுதான் திறந்தீங்க சார், என்னோடதுலயும் ஒரு பத்து சதவீதம் நிதிக்கு மாத்திடலாமா?"

"படிவத்துக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதேம்மா. அந்த நோட்டீஸ ஒட்டினதே நீங்கதானே?"

"ஆமா சார்."

இருக்கைக்குத் திரும்பி டிக் போட்டாள். சின்னவளின் பெயருக்கு நேரே நூறு. நாலு வரி தள்ளி, தன் வரியில் பூஜ்யம். இன்னொரு முறை இரண்டையும் பார்த்துவிட்டு அனுப்பும் பொத்தானை, அது தாங்கக்கூடியதைவிடக் கொஞ்சம் பலமாகவே, அழுத்தினாள்.