அப்பா பெயரில் எழுநூறு குதிரைகள்

இரண்டு கிழமைக்கு முன், செவ்வாய்க்கிழமை, காலை 9.50. முதலில் கண்ணில் பட்டது ஓர் எண்ணெய்க் கறை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், சிவநேசன் அண்ணை வீட்டு வாசலில் கார் நிறுத்தும் ட்ரைவ்வே. அதற்கு முந்திய சனிக்கிழமை வரை அந்தக் கறைக்கு மேல் ஒரு புதுக் கார் நின்றது. இப்போது பக்கத்தில் அவருடைய டிரைவிங் ஸ்கூல் கார் மட்டும், கூரையில் மஞ்சள் பலகையோடு. அதன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி பர்ஹானா உட்கார்ந்திருந்தார். பத்து மணிப் பாடத்துக்கு வந்தவர். ரோட் டெஸ்டில் இரண்டு தரம் தவறியவர். அடுத்த கிழமை வெள்ளி மூன்றாவது டெஸ்ட்.

"சேர் போனில இருக்காரா?" என்று என்னைக் கேட்டார்.

"இனித்தான் போன் வரும். கொஞ்சம் சுணங்கும்."

"பரவாயில்ல. நான் இதுக்குள்ளேயே இருக்கேன். இறங்கினா பயம் திரும்பி வந்திரும்."

உங்களில் சிலருக்கும் சிவநேசன் அண்ணை கார் ஓடப் பழக்கியிருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக ஸ்காபரோவில் அதுதான் அவர் தொழில். எனக்கும் அவர்தான் பழக்கினார். முதல் நாள் சாவியைத் தரவில்லை. "முதல் பார்க்கிங் பிரேக் எங்கை எண்டு காட்டும். நிப்பாட்டத் தெரியாதவன் ஓடப்படாது" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாக இருந்தது.

புதுக் கார் அவருடைய மகன் கவினுடையது. வயது இருபத்தாறு, கம்ப்யூட்டர் வேலை. நீளமான மூக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சினுமாக ஒரு மஸில் கார். சித்திரையில் வாங்கினான். கோயில் வாசலில் நான்கு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தோம். அண்ணை வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். இங்கே ஸ்டியரிங் இடது பக்கம்; ஆனால் கார் என்றால் அவருக்கு, பழக்குபவர் இருக்கும் அந்தப் பக்கம்தான்... தொழில் பழக்கம். அந்தக் காரில் அவர் ஏறியது அந்த ஒரு முறை மட்டுமே.

அன்று இன்சூரன்ஸ் பேச்சு வந்தது. இளம் பொடியன், இப்படியொரு கார். எந்தக் கம்பெனி நல்ல முகம் காட்டும்? "அண்ணையின்ர பேரிலை போடும். இருபத்திரண்டு வருசம், ஒரு கீறல் இல்லை. ஓடுறது அப்பா எண்டு சொன்னால் முடிஞ்சுது" என்று யாரோ சொன்னார்கள்.

யாரோ என்ன... நான்தான்.

நாங்கள் இந்த ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து இப்படித்தானே வாழ்கிறோம்? போன் மாமா பெயரில். வீடு மச்சான் பெயரில். கார் அப்பா பெயரில். இதைப் பொய் என்று எங்களில் ஒருவரும் நினைப்பதில்லை. குடும்பம் என்று நினைக்கிறோம்.

புதுக் கார் கவினுக்கு மூன்று மாதத்தில் சலித்துப்போனது. "ஸ்டொக்கா வைச்சிருந்தா போரிங், அங்கிள்" என்றான். ஸ்டொக் என்றால் கம்பெனி விட்டபடி. முதலில் காற்று உள்ளே போகும் குழாயை மாற்றினான். பிறகு புகைக் குழாய். பிறகு எஞ்சினுக்கு மேல் ஒரு சூப்பர்சார்ஜர் — காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இயந்திரம். கடைசியில் ஒருவன் லாப்டொப்போடு வந்து காரின் கம்ப்யூட்டரையே மாற்றி எழுதிவிட்டுப் போனான். அதன் பிறகு, கார் தெருவுக்குள் திரும்பும்போதே தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நடுங்கும்.

வலுவை அளந்த வரைபடம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. இரண்டு கோடுகள். கீழே, கம்பெனி விட்டபடி நானூற்று எண்பது குதிரைவலு. மேலே, மாற்றிய பிறகு எழுநூறு.

அண்ணை அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிரேக்கும் மாத்தினியோ?"

"லேட்டர், அப்பா."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சிறுமழை. மார்க்கம் ரோட்டில் ஒரு பிளாஸாவிலிருந்து வெளியே திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரில் கவினின் கால் கொஞ்சம் கூடிவிட்டது. கொஞ்சம்தான். பின்பக்கம் வழுக்கி, கார் பக்கவாட்டில் போய் மின்கம்பத்தில் ஏறியது. கவினுக்கு மணிக்கட்டில் ஒரு கட்டு. வேறு ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அது அதிர்ஷ்டம்தான்.

காரை இழுத்துப்போன இடத்தில் யாரோ பொனெற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை, இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெண், மறுநாள் காலை அண்ணையோடு பேசவேண்டும் என்று செய்தி விட்டாள். அண்ணை என்னைக் கூப்பிட்டார். "நீர் பேப்பரில எழுதுறவர். பக்கத்தில இரும்."

விஷயம் இதுதான். கவினின் காருக்கு இன்சூரன்ஸ் அண்ணை பெயரில்; டிரைவிங் ஸ்கூல் காரும் அதே கம்பெனியில். அண்ணை சொன்னது பொய் என்று எழுதினால் இரண்டு காரின் இன்சூரன்ஸையும் வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டப்பட்ட ஆளை, ஆட்களுக்குக் கார் பழக்க வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்?

செவ்வாய் காலை குசினி மேசையில் இருந்து, "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன். சித்திரையில் வேறு மாதிரிச் சொன்ன அதே வாயால்.

"சொன்னால் இவன்ரை பேரெல்லோ கெடும்? இவன் இனி எப்பிடிக் கார் ஓடுறது?"

கவின் சிங்க்கோடு சாய்ந்து நின்றான். "அப்பா, ப்ளீஸ்... ஜஸ்ட் டெல் தெம் இட் வாஸ் மீ."

"நீ சும்மா இரு."

10.05க்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண்ணின் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காரை வழக்கமாக ஓடுவது யார்? நான்தான், என்றார் அண்ணை. ஒவ்வொரு நாளுமா? அநேகமாக. எஞ்சினில் மாற்றம் செய்தது தெரியுமா? தெரியாது. ஃப்ரிட்ஜில் இருந்த வரைபடத்தை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

பிறகு அவள், ஏதோ மறந்துபோனதைக் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் காரில் பார்க்கிங் பிரேக்கை எப்படிப் போடுவீர்கள், சேர்?"

இருபத்திரண்டு வருடமாக முதல் நாள் முதல் கேள்வியாக அவர் மற்றவர்களைக் கேட்டது.

மேசைக்குக் கீழே அவருடைய இடது கால் தரையை அழுத்தியதைக் கண்டேன். ஸ்கூல் காரில் பார்க்கிங் பிரேக் பெடல் அங்கேதான்.

"இடது காலாலை... பெடல்" என்றார், ஆங்கிலத்தில், தெளிவாக.

கவின் கண்ணை மூடிக்கொண்டான். மறுமுனையில் கீபோர்ட் தட்டும் சத்தம். நன்றி சொன்னாள். போன் நின்றது.

"என்னடா?" என்றார் அண்ணை.

"பட்டன், அப்பா. நடுவில. ஒரு சின்னப் பட்டன்."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "பட்டனோ..." என்றார். பிறகு எழும்பி, சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு வெளியே போய், பர்ஹானாவுக்குப் பக்கத்தில் ஏறினார். ஜன்னலால் பார்த்தேன். பர்ஹானா காரைப் பின்னுக்கு எடுத்து, நிறுத்தி, தோளுக்கு மேலால் பார்த்து, மெதுவாகத் திருப்பிப் போனார்.

அடுத்த புதன் கடிதம் வந்தது. இரண்டு காரின் இன்சூரன்ஸும் வெட்டு. அன்று பின்னேரம் கவின் ஒற்றைக் கையால் ஸ்கூல் காரின் கூரைப் பலகையைக் கழற்றப் பார்த்தான். "விடு, நீ கீறிப்போடுவாய்" என்று அண்ணையே கழற்றினார். நான் கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்திரையில் நான் சொன்னதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பர்ஹானாவை வேறொரு ஸ்கூல்காரர் டெஸ்டுக்குக் கூட்டிப்போனார்.

பர்ஹானா பாஸ்.