எஞ்சினைக் குறைத்த கை

காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் புது பைலட் படகு வந்தபோது அதை ஓட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. உள்ளே வரும் கப்பலுக்குத் துறைமுக வழி காட்டும் பைலட்டைக் கொண்டுபோய் அதில் ஏற்ற வேண்டும். வெளியேறும் கப்பலிலிருந்து அவரை இறக்கிவர வேண்டும். கவிழ்ந்தாலும் தானாக நிமிர்ந்துவிடும் படகு என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

"நிமிருறது கிடக்கட்டும். கவிழாமல் ஓட்டுங்கோ," என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. படகின் அடி கத்திபோலக் கூரானது, உடம்பு லேசானது. வேகமாக ஓடும்போது அலையை வெட்டிக்கொண்டு நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தாலோ, உயரமான கண்ணாடி அறையில் காற்றுப் பிடித்து, சுக்கானுக்கு அடங்காது. பயிற்சியில் இதைச் சொல்லித்தான் தந்தார்கள். தொண்டைமானாற்றில் இருபது வருஷம் மீன்பிடிப் படகு ஓட்டியவனுக்கு இவர்கள் என்ன சொல்வது என்ற திமிரில் தலையாட்டி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆள் எழும்பினால், ஓட்டுபவன் எஞ்சினைக் குறைப்பான். அது மரியாதை. குறைக்காதவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு காலை. கப்பல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, நானும் அதே வேகத்தில் ஓடி, படகின் ரப்பர் விளிம்பைக் கப்பலின் பக்கத்தில் அழுத்திப் பிடித்தேன். பைலட் என்னைவிடப் பத்து வயது இளையவர். நூலேணியைப் பிடித்து ஒரு காலை வைத்தார். என் கை தானாகவே எஞ்சினைக் குறைத்தது.

படகின் மூக்கு உடனே வெளியே திரும்பியது. ஏணியில் ஒரு கால், படகில் ஒரு காலாக அவர் விரிந்து நின்றார். கீழே கடல். முன்தளத்தில் உதவிக்கு நின்ற என் மச்சான், "ஏறுங்கோ சேர், ஏறுங்கோ!" என்று கத்தியபடி அவரை மேலே தள்ளினான். அவர் கைகளில் தொங்கி, முழங்கால் கப்பலில் உராய, எப்படியோ ஏறிவிட்டார்.

மரியாதை செய்யப்போய் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேனே.

அவர் கரைக்கு வந்ததும் எதையும் மறைக்காமல் சொன்னேன். "பழக்கத்தில கை குறைச்சுப்போட்டுது சேர். இனி வேறை ஆளைக் கேளுங்கோ."

அவர் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். "யோசிப்பம் அண்ணை," என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் அந்தக் கப்பல் சரக்கை இறக்கிவிட்டு, அதே பைலட்டோடு புறப்பட்டது. அவரை இறக்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். அவரே என்னைக் கேட்டாராம். அதைக் கேட்டபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

கடல் அன்று இன்னும் மோசம். எனக்கு முதுகைக் காட்டியபடி அவர் ஏணியில் இறங்கினார். கடைசிப் படியில் நின்று, காலை எடுத்தார். என் கை பழையபடி எஞ்சினைக் குறைக்கப் பார்த்தது. மற்றக் கையால் அதை அமத்திப் பிடித்தேன். தளத்தில் அவர் குதித்த சத்தம் கேட்டது. நான் படகை விலக்கி ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

நனைந்தபடி அவர் உள்ளே வந்து, என் இரண்டு கைகளின்மேலும் தன் கையை வைத்தார்.

"கப்பல் போயிட்டுது அண்ணை. இப்ப குறைக்கலாம்."