அறுபதாம் கல்யாணத்துச் சான்றிதழ்

எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. எந்தக் காகிதப்படி என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். கேட்டால் கிறுக்கச்சி என்பார்கள்.

எல்லாம் மகள் ஆசைப்பட்டதில் தொடங்கியது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். கடல் தாண்டி ஒரு நாட்டில் புருஷன், பிள்ளையோடு இருந்து வேலை பார்க்கிறாள். நாட்டின் பெயரைச் சொன்னால் அதன் மேல் எனக்கு ஏதோ கடுப்பு என்று நினைப்பீர்கள், அதனால் வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அவளுக்கு அங்கே நிம்மதி இல்லை. ராஜபாளையத்தில் வயதான இரண்டு பேர் தனியாகக் கிடக்கிறோம், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பார்ப்பார்கள் என்று போனில் அழுவாள். பிறகு அவளே ஒரு வழியையும் கண்டுபிடித்தாள். ஓய்வு பெற்றவர்கள் வந்து தங்குவதற்கென்றே அந்த நாட்டில் தனி விசா இருக்கிறதாம். அதற்கு மாத வருமானம் காட்ட வேண்டும்.

மதுரையில் இதற்கென்று ஓர் ஏஜெண்ட் இருந்தார். அவர் போனில் விளக்கியதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தனி ஆள் என்றால் இவ்வளவு வருமானம். இரண்டு பேரும் தனித்தனி ஆளாகப் போனால் அதைப் போல இரண்டு மடங்கு. புருஷன் பெண்டாட்டியாகப் போனால் மட்டும் ஒருவர் வருமானத்தோடு கொஞ்சம் கூடக் காட்டினால் போதும். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரரின் பென்ஷன் அந்த வரம்பை மயிரிழையில் தாண்டியது. எனக்கென்று வருமானம் எந்தக் காலத்திலும் கிடையாது. ஆக, அந்த நாட்டு வாசலில் எனக்கு இருந்த ஒரே தகுதி அவர் பெண்டாட்டி என்பதுதான். அதைக் காகிதத்தில் காட்டச் சொன்னார் ஏஜெண்ட்.

அந்தக் காகிதம் எங்களிடம் இல்லை. எங்கள் கல்யாணம் சோழபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள்? பத்திரிகை அடித்தோமா என்பதே ஞாபகம் இல்லை. அடித்திருந்தாலும் கறையான் தின்றிருக்கும். இருந்த ஒரே போட்டோவில் நான் குனிந்த தலை நிமிரவில்லை. அது நான்தான் என்று நானே சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லாம் இருந்தது. அவருக்கு அறுபது முடிந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், மலையடிவாரத்து மண்டபத்தில் மகள் தடபுடல் பண்ணிவிட்டாள். மஞ்சள் தடவிய பத்திரிகை, மண்டப ரசீது, ஆல்பம், வீடியோ. புதுத் தாலி வாங்கி இன்னொரு தடவை கட்டினார். இப்போது கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதும் ஆள் அந்தப் பத்திரிகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது போதும். தாலி கட்டுனது நெசம், மாலை மாத்துனது நெசம். பழசைத் தேடிக்கிட்டு அலையணுமாக்கும்? இந்தத் தேதியையே போட்டுருவோம், காரியம் சுளுவா முடிஞ்சிரும்."

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தாலி கட்டினால் கல்யாணம்தானே. படிவத்தில் திருமணத்துக்கு முன் என்ன நிலை என்று ஓர் இடம் இருந்தது. மாப்பிள்ளை திருமணமாகாதவர், பெண் திருமணமாகாதவர் என்று அந்த ஆள் எழுதிக்கொண்டே போனார். கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற மகள் இருக்கும்போது நான் திருமணமாகாதவள்! அவரும் நானும் சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர், "ஏட்டி, புதுப்பொண்ணு, சீட்டுல நல்லா சாஞ்சி உக்காரு" என்று கேலி செய்தார். எனக்குக் கூட வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

சான்றிதழை அனுப்பினோம். ஏஜெண்ட் சந்தோஷப்பட்டார். அதோடு இன்னொன்றும் கேட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சாருக்கு ஏதாவது ஆயிட்டா ஒங்களுக்கு வருமானம் உண்டான்னு அவிய கேப்பாக. பென்ஷன் மனைவிக்கு வரும்னு கருவூலத்துல ஒரு லெட்டர் வாங்கி அனுப்பிருங்க." என் வீட்டுக்காரர் செத்த பிறகு நான் அங்கே இருக்கலாமா என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளும் நாடு அது. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அபசகுனம் மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கருவூலத்தில் இருந்த அலுவலர் மரியாதையான மனிதர். எங்களை உட்கார வைத்தார். பென்ஷன் கோப்பை எடுத்தார், எங்கள் காகிதங்களை வாங்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். சான்றிதழுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"சார், சர்வீஸ் புக்குல ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு அப்பவே இருக்கு. மனைவி இவிய, மகள் பேரும் இருக்கு. இதுல பாத்தா ஒங்களுக்கு அறுபது ஆன பொறவுதான் கல்யாணம் கட்டியிருக்கீக. அதுவரைக்கும் ரெண்டு பேருக்குமே கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்கு. கையெழுத்து ஒங்களோடதுதான?"

"என்னோடதுதான்" என்றார் இவர்.

"அப்ப எது பொய்? சர்வீஸ்ல எழுதிக் குடுத்ததா, இதுவா?"

அது அறுபதாம் கல்யாணம் என்று நான் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? அவர் வீட்டிலும் நடந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். "எனக்குப் புரியுதும்மா. பேப்பருக்குப் புரியாதுல்ல. நீங்க இதை என் கையில குடுக்காம இருந்தா நானும் பாத்திருக்க மாட்டேன். பாத்த பொறவு நான் மேல எழுதித்தான் ஆகணும்." விசாரணை என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். பென்ஷனுக்கு இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, சார் இருக்கும்வரை வந்துகொண்டிருக்கும் என்றார். சார் போன பிறகு எனக்கு வர வேண்டிய பென்ஷனில்தான் சிக்கல் என்றார். சான்றிதழை அவர் உயிரோடு இருக்கும்போதே கோர்ட்டில் ரத்து செய்து, பழைய கல்யாணத்தை நிரூபித்துவிட்டால் தப்பித்தோம். அதற்கு அவர் வந்து நேரில் சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் ஒருத்தியாக நின்று, இத்தனை காலம் இந்த மனுஷனுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் நான்தான் என்று ஊரைக் கூட்டி நிரூபிக்க வேண்டும். கோர்ட்டில் எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். வக்கீல் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

ஏஜெண்டிடம் சொன்னதும் பதறிப்போனார். சான்றிதழைத் தொட்டுவிடாதீர்கள், அதை ரத்து செய்தால் விசாவும் கிடைக்காது, பொய்க் காகிதம் கொடுத்ததாக ஆகிவிடும் என்றார். மகளும் அதையேதான் சொன்னாள். "முதல்ல வந்து சேருங்கம்மா. மத்ததைப் பொறவு பாத்துக்கிடலாம்." அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு ஏதாவது ஆனால் அந்த ஊரிலும் எனக்கு இடமில்லை, இந்த ஊரிலும் எனக்குச் சோறில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் என்னைத் தெருவில் விட்டுவிடுவாளா என்ன? மாட்டாள். ஆனாலும் மகள் கையை எதிர்பார்த்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவெடுத்தது அவர்தான். என்னிடம் கேட்கக்கூட இல்லை. ஏஜெண்டுக்குப் போன் போட்டு, "எங்களுக்கு விசா வேண்டாம்" என்று வைத்துவிட்டார். மகள் ஒரு வாரம் பேசவில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்க்கலாம் என்று அவர் எப்படி ஏங்கினார் என்பது எனக்குத் தெரியும். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் கோர்ட்டில் மனுப் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாதிரியான அமைதி வந்துவிட்டது. வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. நான் அவர் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன். மாடிப்படி ஏறக் கூடாது என்றேன். வெயிலில் கடைத்தெருவுக்குப் போனால் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும், இந்த வயதிலும் எம்புட்டுப் பாசம் என்றார்கள். எனக்குக் கூசியது. நான் பயந்தது அவருக்காகவா, அந்தத் தீர்ப்புக்காகவா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அதற்குள் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தேடி எடுத்து ஓடி வந்தேன். வாயில் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தார். என்ன தெரிந்ததோ அதில், என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதட்டி. தீர்ப்பு வார வரைக்கும் நான் போக மாட்டேன்."

அப்படி இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தட்டை நகர்த்திவிட்டு, மோர் இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்து உள்ளே போனேன்.